ஏலாவெல்லாம் தண்ணீர்

2021 நவம்பரில் நாகர்கோவிலிலிருந்து வரும் தமிழ்நாட்டுப் பேருந்து களியக்காவிளையோடு திரும்பிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து வரும் கேரளப் பேருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ளும். நடுவில் கிடக்கும் துண்டுச் சாலையை மக்கள் பையும் பிள்ளையுமாக நடந்தே கடந்தார்கள். கொரோனா நிறுத்திய இரு மாநிலப் பேருந்துகள் டிசம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி ஓடத் தொடங்கின. அதுவரை ஏறக்குறைய 20 மாதம், மார்த்தாண்டத்துக்காரர்களுக்குப் பாறசாலை தூரத்து ஊராகிவிட்டது. அக்காளைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கே, பார்த்துப் பழகிய டாக்டர் அங்கே, பாதிச் சொந்தம் அங்கே. சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்தத் தூரம் பழைய தூரமாகவே இருந்தது.

அவர்களில் ஒருவனுக்கு மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. ஊரடங்கில் வேலை குறைந்தபோது பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, விடிகாலையில் திருவட்டாறு, பேச்சிப்பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சுற்றப் பழகியிருந்தான். எல்லாம் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பும் ஓட்டங்கள். ஒரு ராத்திரியைத் தனியாக வெளியே கழித்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை அந்த ஓட்டங்களில்தான் முளைத்தது. எங்கே போவது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நெய்யாறு.

விளவங்கோடு தாலுகாவில் வளர்ந்தவர்களுக்கு நெய்யாறு என்றால் ஒரு சானல்தான். 1958இல் கட்டப்பட்ட நெய்யாறு அணையின் இடதுகரைச் சானல் எல்லை தாண்டி வந்து இங்குள்ள வயல்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. 2004க்குப் பிறகு தண்ணீர் வரவில்லை. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சிறுவனாக அவன் குதித்துக் குளித்த சானலில், அவன் கல்லூரிக்குப் போகும் காலத்தில் இடுப்பளவு புல் நின்றது. அந்தத் தண்ணீருக்குச் சொந்தமான ஆற்றையோ பேருந்து ஜன்னல் வழியாக, அமரவிளைப் பாலம் தாண்டும் சில நொடிகளுக்குத்தான் பார்த்திருந்தான். அதன் கரையில் ஓர் இரவு தங்க வேண்டும். அருவிப்புரத்துக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தான். 1888 சிவராத்திரியன்று நாராயண குரு நெய்யாற்றின் சங்கரன்குழியில் முங்கி எடுத்த கல்லைச் சிவனாக நிறுத்திய இடம் அது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சாயங்காலத்துக்குள் மிதித்துவிடக்கூடிய தூரம்தான்.

இப்படிச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ராத்தங்கலாகப் போவதற்கு இன்று பைக்பேக்கிங் என்று பெயர். பெயர் புதிது, காரியம் பழையது. 1884 ஏப்ரலில் தாமஸ் ஸ்டீவன்ஸ் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய சக்கரச் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பியபோது அவரிடம் இருந்தவை காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, கைத்துப்பாக்கி. அந்த மழைக்கோட்டுதான் ராத்திரிக்குக் கூடாரம், படுக்கை இரண்டும். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பூம்காரா மூவரும் உலகைச் சுற்றி முடித்து 1928இல் ஊர் திரும்பினார்கள். இந்தக் காலத்து பைக்பேக்கிங்கின் பைகளுக்கும் கட்டும் முறைக்கும் அலாஸ்காவின் பனிப்பாதையில் 1987இல் தொடங்கிய இடிடாபைக் போன்ற பந்தயங்கள் ஒரு காரணம். சாமானைக் கேரியரில் தொங்கவிடாமல், வண்டியின் சட்டத்தோடு ஒட்டிக் கட்டுவது இதன் அடிப்படை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மூட்டை ஆடாது, ஒற்றையடிப் பாதையில் மோதாது.

அவன் கட்டியது மூன்று மூட்டை. ஹேண்டில்பாரில் உருட்டிக் கட்டிய தார்ப்பாயும் கயிற்றுத் தொட்டிலும். சட்டத்தின் முக்கோணத்துக்குள் பம்ப், ட்யூப், ஒட்டுப்போடும் சாமான், தண்ணீர். சீட்டுக்குப் பின்னால் மாற்றுத்துணி, ஒரு சாரம், போர்வை. பாதைக்கு மட்டிப்பழமும் ஒரு சின்னக் குப்பி மார்த்தாண்டம் தேனும்.

நீர் புகாத பைகள் விலை கூடியவை. குமரி மாவட்டத்தில் அதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மழைக்காலத்திலும் பால் வெட்டுவதற்காக ரப்பர் மரத்தைச் சுற்றிப் பாவாடைபோல ஒரு பாலிதீன் கட்டுவார்கள். ரப்பர் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் அது சுருளாகக் கிடைக்கும். பால் வெட்டும் பட்டையில் மழைநீர் ஒரு சொட்டு இறங்கினாலும் சிரட்டையில் விழுந்த பால் கெட்டுப்போகும் என்பதால், தண்ணீரைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. அதை வெட்டி, ஓரத்தைச் சூடு வைத்து ஒட்டி, துணிமூட்டைக்கு உள்ளுறையாகப் போட்டான். அந்த இரவு முழுக்க அவனுடைய மாற்றுத்துணி நனையவே இல்லை. எந்த வெளிநாட்டுப் பையும் அதைவிடச் சிறப்பாக உழைத்திருக்காது என்று இன்றைக்கும் சொல்கிறான்.

வானிலை விஷயத்துக்கு வருவோம். நவம்பர் 11ஆம் தேதி மாலை ஒரு தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. தொலைக்காட்சியில் எந்நேரமும் சென்னைத் தெருக்கள்தான். தெற்கே ஐப்பசி அதன் வழக்கப்படி நடந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், சாயங்காலம் இடியோடு கீழே இறங்கும், ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு வெறித்துவிடும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் துலாமழை என்னும் ஐப்பசி மழைக் காலத்து மின்னலுக்கு எச்சரிக்கை தரும்போது மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை என்று குறிப்பிட்டே சொல்லும்.

எல்லையோரத்தில் ஓட்டுகிறவர்கள் இரண்டு வானிலை மையங்களைப் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்துக்குச் சென்னை மையம் சொல்லும், பாறசாலைக்குத் திருவனந்தபுரம் மையம் சொல்லும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. இந்த எண்களை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். எண்ணுக்கு உரிய மழை ஒரு பகல் முழுக்கப் பரவிப் பெய்யுமா, ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்குமா என்பதை எந்த மையமும் ஊர்வாரியாகச் சொல்லிவிட முடியாது. அதைச் சாலையில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

12ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கிளம்பினான். நனைவது உறுதி என்று தெரிந்தே கிளம்பியது. பத்து மணிக்கு வெறித்துவிட்டால் ஆற்றங்கரையில் தூங்க ஒரு முழு இரவு இருக்கிறது என்பது கணக்கு.

களியக்காவிளைச் சந்தையை ஒட்டி மீனும் நேந்திரன் குலையும் இறங்கிக்கொண்டிருந்தன. சோதனைச்சாவடியில் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டினான். போலீஸ்காரர் சான்றிதழைவிட மூட்டைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு இஞ்சிவிளை, பாறசாலை. பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன, பேச்சு அவ்வளவு சட்டென்று மாறுவதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு கிழித்து 65 வருடம் ஆன பிறகும், பாறசாலைச் சந்திப்பில் வெற்றிலை வாங்கும் கிழவர் தமிழில் கேட்கிறார், கடைக்காரர் மலையாளத்தில் சில்லறை எண்ணுகிறார், இருவருக்கும் எந்த இடறலும் இல்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பொன்னம்மாள் காலமாகியிருந்தார். 1924இல் பிறந்தவர், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த வழக்கத்தை 2006இல் முடித்துவைத்துப் பாடியவர். நவராத்திரிக்கென்று பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் போவது இதே சாலையில்தான். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில், மூன்றாம் நாள் தலைநகரம். நெய்யாற்றின்கரையில் தெய்வங்கள் தங்கும் அந்தக் கோயில் வளாகத்தில்தான் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. எதிரிகளுக்குத் தப்பி ஓடிய திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா அந்தப் பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. ராத்தங்குவதற்குப் பழகிய சாலை இது. சைக்கிள்காரன் அதில் ஒரு புதிய வரவு, அவ்வளவுதான்.

பாறசாலையில் நெடுஞ்சாலையை விட்டுத் தனுவச்சபுரம் பக்கம் உள்சாலையில் திரும்பினான். இங்கே நிலம் தட்டையாகக் கிடப்பதில்லை. ஏற்றத்தில் விளைகள்: தென்னை, ரப்பர், மரச்சீனி, நடுவே வீடுகள். இறக்கத்தில் ஏலா: முன்பு முழுக்க நெல் விளைந்த தாழ்வு, இப்போது பாதி வாழை. ஒரு விளையில் ஏறி ஓர் ஏலாவில் இறங்கி மறுபடி ஏறுவதுதான் பாதை. வெயில் நாளில் இது கால்களுக்கு வேலை. மழை நாளில் வேறு ஒரு கணக்கு: ஒவ்வோர் ஏலாவும் சுற்றியுள்ள விளைகளின் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும் இடம்.

நாலரை மணிக்கு வானம் கிழக்கே கறுத்தது. ஐந்துக்கு முதல் இடி. ஓலை சார்த்திய ஒரு சாயாக்கடை வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து ஒரு குரல்: "மழையத்து எங்க போற மக்ளே? ஏறி நில்லு."

கடைக்கார அம்மச்சி கட்டன் சாயா ஊற்றினார். எங்கிருந்து வருகிறான், வீட்டில் யார் யார், கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்து முடிக்கும்போது மழை கூரையை அடித்துக்கொண்டிருந்தது. அருவிப்புரம் என்றதும் தலையை ஆட்டினார். "வெறிச்சிட்டு போ. இண்ணைக்கு காத்து வேற மாதிரி இருக்கு." அரை மணி காத்திருந்தான். வெறிக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றுப் பக்கம் போய்விடலாம் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மழையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிரேக். அவனுடைய வண்டியில் ரிம்மைப் பிடிக்கும் கட்டைகள். ரிம் நனைந்திருந்தால் பிடித்தவுடன் நிற்காது. கட்டைகள் முதல் சில சுற்றுகளுக்குத் தண்ணீரை வழித்துவிடும், அதற்குப் பிறகுதான் பிடிப்பு வரும். எனவே இறக்கத்தின் உச்சியிலேயே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும், கீழே போய்ப் பிடிக்கலாம் என்று இருக்கக் கூடாது. இந்த மண் செம்மண், வெட்டுக்கல் மண். மழைநீரோடு அது சக்கரத்தில் ஏறி, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி, அரத்தால் ராவுவதுபோலக் கரகரவென்று சத்தம் போட்டது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். சாலை ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்தான், ஓரத்தில் ஓடை எது சாலை எது என்று தெரியவில்லை. ஏலாக்களில் இறங்கும்போது சிறுபாலத்தின் வெள்ளைக் கைப்பிடியைப் பார்த்தான். அடி தெரிந்தால் மிதித்தான், தெரியாவிட்டால் இறங்கிச் சைக்கிளை உருட்டியபடி காலால் தடவித் தடவி நடந்தான். மூன்றாவது ஏலாவில் கைப்பிடியே தெரியவில்லை. அங்கே திரும்பினான்.

திரும்பி ஏறிய மேட்டில் இரண்டு பக்கமும் ரப்பர். தொட்டில் கட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது: ஒரே அளவு இடைவெளி, ஒரே பருமன், அடியில் புதர் இல்லாத தரை. ஆனால் 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரியில் இருந்த யாரும் காற்று நாளில் ரப்பர் மரத்தடியில் படுக்க மாட்டார்கள். ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் கடந்தபோது மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, வாழை மிச்சமில்லை, மின்கம்பங்கள் விழுந்து பல நாள் இருட்டு. கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூவார், பொழியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ரப்பர் மரம் பாலுக்காக வளர்க்கப்படுவது. தலை கனம், கொப்பு முறியும். அவன் நின்றுகொண்டிருந்தபோதே உள்ளே எங்கோ ஒன்று படீரென்று ஒடிந்தது. தார்ப்பாயை அவிழ்க்கவே இல்லை.

மேட்டின் உச்சியில் விளக்கு எரிந்தது. ஒரு கிராமத்து வாசகசாலை. மின்சாரம் போய்விட்டிருந்தது, அது எமர்ஜென்சி விளக்கு. வராந்தாவில் மூன்று நான்கு பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவனும் நின்றான். சாவி வைத்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர், அண்ணன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வருகிறான், ராத்தங்க இடம் தேடுகிறான் என்று தெரிந்ததும் வேறு எதையும் கேட்கவில்லை. "ரப்பருக்கு அடியில கெடக்காம வந்தியே அப்பி, அது போதும். பெஞ்சு இருக்கு, உள்ள கெட."

இந்த இடத்தில் வாசகசாலைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பி. என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை சங்கம் திருவிதாங்கூர் முழுக்கப் பரவியது. சங்கத்தின் எழுத்தறிவுப் பணிக்கு 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. இன்று கேரளத்தில் நூலகம் இல்லாத ஊராட்சியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் நமக்கு நூலகம் என்றால் நேரம் பார்த்துப் பூட்டும் அரசு அலுவலகம். அங்கே அது சாயங்காலம் திறக்கும் இடம், ஊர்க்காரர்களின் கையில் சாவி இருக்கும் இடம். புத்தகத்துக்கு மட்டுமில்லை, கேரம் பலகைக்கு, கூட்டத்துக்கு, தேர்தல் வாய்ச்சண்டைக்கு, இரத்த தான முகாமுக்கு. மழை நாளில் ஒதுங்கவும். பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழியம்பலமும் சுமைதாங்கிக் கல்லும் இருந்ததுபோல, கூரையைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்த மண்ணில் அறுபடவில்லை. நாமும் இதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும் என்பதில் அவனுக்கு அழுத்தமான கருத்து உண்டு.

உள்ளே நீள மேசை, மரச்சட்டத்தில் செருகிய நாளிதழ்கள், ஈரம் ஏறிய காகித வாசனை. சுவரில் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையின் படம். நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர். திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26ஆம் தேதி கைது செய்யப்பட்டு, திருவிதாங்கூருக்கு வெளியே நாடு கடத்தப்பட்டவர். அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவன், அச்சுயந்திரத்தையே பறிகொடுத்த பத்திரிகையாசிரியரின் படத்துக்குக் கீழே ஈரத்துணியைக் கழற்றி மாற்றினான்.

உடனே மாற்றியது நல்லதாயிற்று. வெளியே குளிர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணியோடு காற்றில் நின்றால், வெப்பமண்டல ஊரிலும் உடம்பின் சூடு இறங்கிவிடும். உலர்ந்த சாரத்தைக் கட்டி, போர்வையைச் சுற்றி, ஒரு வாய் தேனைக் குடித்த பிறகே பல்லடிப்பது நின்றது. அண்ணன் வீட்டிலிருந்து அவித்த மரச்சீனியும் சாளைக் கறியும் வந்தன. அதைப் பற்றி இன்று பேசினாலும் அவன் குரல் மாறும்.

பத்து மணிக்கு மழை வெறிக்கவில்லை. பதினொன்றுக்கு வலுத்தது. ஓட்டின் மேல் விழும் சத்தத்தில் பேசினால் கேட்காது. நள்ளிரவு தாண்டி வராந்தாவில் டார்ச் வெளிச்சமும் ஆள் அரவமும். ஏலாவை ஒட்டிய வீடுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டு குடும்பங்கள் மேட்டுக்கு வந்திருந்தன. ஒரு கிழவியின் கையில் பாலிதீன் பையில் சுற்றிய ரேஷன் அட்டை, ஆதார், வீட்டுப் பத்திரம். ஒரு பையன் ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். பெண்களும் குழந்தைகளும் உள்ளே படுத்துக்கொள்ள, அவன் பெஞ்சை விட்டு வராந்தாவுக்கு வந்தான். அங்கே சாரல் அடித்தது. தார்ப்பாயை அப்போதுதான் அவிழ்த்தான். மேல் விளிம்பை வராந்தாத் தூண்களில் கட்டி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ் விளிம்பை அதன் சட்டத்தில் முடிச்சுப் போட்டு இழுத்தான். வராந்தாவில் பாதி இடம் காய்ந்தது. ஆட்டுக்குட்டியும் அவனும் ஆண்கள் நாலைந்து பேரும் அந்தப் பாதியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இரண்டு மூன்று தடவை டார்ச்சோடு கீழே போய், ஏலாவில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வந்து சொன்னார். ஊர்க்காரர்கள் 1992 வெள்ளத்தையும் ஒக்கியையும் ஒப்பிட்டுப் பேசினார்கள். தனியாக ஓர் இரவு என்று கிளம்பியவனுக்கு அதில் ஒரு நிமிஷம்கூடத் தனியாகக் கிடைக்கவில்லை. அதற்காக அவன் வருந்தியதும் இல்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் மழை தூறலாக இறங்கியது. கிழவியின் வீட்டில் சேறு அள்ள ஒரு மணி நேரம் கைகொடுத்தான். பிறகு மேட்டு வழியாகவே உதியன்குளங்கரை போய், நெடுஞ்சாலையில் ஏறி அமரவிளைப் பாலத்துக்குப் போனான்.

நெய்யாறு பாலத்தின் தூண்களை முட்டிக்கொண்டு போனது. செங்கல் நிறம். தென்னை ஒன்று வேரோடு, குலையோடு மிதந்து போனது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடம், யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று. கைப்பிடியைப் பிடித்து நின்றவனின் கையில் பாலத்தின் அதிர்வு தெரிந்தது. ஊரில் புல் முளைத்த சானலில் ஒரு சொட்டுக்காக எத்தனை கூட்டம், எத்தனை மனு. இங்கே மொத்த ஆறும் பூவார் பொழியை நோக்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே நீண்ட நேரம் நின்றான். இன்னும் கொஞ்சம் மேலே போனால் அருவிப்புரம். போகவில்லை. எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள் நெய்யாற்றின்கரைக்கு அப்பால் மூன்றுகல்லின்மூட்டில் நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டிய பகுதி இடிந்துவிட்டது, வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள் என்றார்கள். ஆற்றங்கரையில் வேடிக்கை பார்க்க ஒரு ஆள் கூடினால், காப்பாற்ற வேண்டியவர்களில் ஒரு ஆள் கூடும்.

திரும்பும் வழியில் பாறசாலை. தண்டவாளத்தின் மேல் செம்மண் சரிந்து கிடந்தது. 1979இல் திறந்த இந்த ரயில் பாதை விளைகளை வெட்டிப் பிளந்து போவது, இரண்டு பக்கமும் வெட்டுக்கல் சுவர். மழைநீர் குடித்துக் கனத்த மண் இரவோடு இரவாக இறங்கியிருந்தது. பாறசாலையில் மட்டுமில்லை, குழித்துறையிலும் இரணியலிலும். சில ரயில்கள் ரத்து, சில பாதி வழியோடு நின்றன. ஆட்கள் மண்வெட்டியும் இயந்திரமுமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். பேருந்து ஏற்கெனவே இல்லை, இப்போது ரயிலும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் பெட்டிகளோடு நின்றவர்கள் எல்லை எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போக வேண்டிய ஒரு பெண்ணின் பெரிய பையைச் சைக்கிளில் வைத்துக் களியக்காவிளை வரை உருட்டிக்கொண்டு நடந்தான்.

குழித்துறையில் குமரியின் தாமிரபரணி பெருகினால் முதலில் முங்குவது சப்பாத்து என்னும் தரைப்பாலம். அன்றும் அது இருந்த இடம் தெரியவில்லை. மேல் பாலத்தில் கூட்டம். மூட்டைகளும் மலையாளச் சேறும் ஒட்டிய சைக்கிளைப் பார்த்ததும் ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளே, அந்தப் பக்கமா இருந்தா வார? ரோடு எப்படிக் கெடக்கு? மக நெய்யாத்திங்கரைல ஆஸ்பத்திரில கெடக்கா. இண்ணைக்குப் போயே ஆவணும்."

அவன் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான். பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தான். உள்ளுறைக்குள் அவையும் காய்ந்தே இருந்தன. பாலத்துக் கைப்பிடியில் வைத்துப் படம் வரைந்தான். "களியக்காவிளை வரைக்கும் ஆட்டோ போவும், மாமா. எல்லைய நடந்து தாண்டுங்க. அங்கேருந்து மெயின் ரோட்டுலயே போணும், தனுவச்சபுரம் வழி கூட்டிட்டுப் போறேம்ணு எவன் சொன்னாலும் ஏறாதீங்க, ஏலாவெல்லாம் தண்ணி. உதியன்குளங்கரை, அமரவிளைப் பாலம் வரை நான் காலைல பாத்தேன், வண்டி ஓடுது. பாலம் தாண்டினா டவுனுதான். ஒடைஞ்ச இடம் டவுனுக்கு அப்பாலதான், ஒங்களுக்கு அதுவரைக்கும் போண்டாம்."

பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கைகாட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பாறசாலைக்கு வழி கேட்க நின்றுகொண்டிருந்தார்கள்.